கிஃப்ட்: பரிசு, நஞ்சு, திருமணம்

வாசகர் ஒருவரின் கேள்வி, 9 ஜனவரி 2022

ஆங்கிலத்தில் ‘கிஃப்ட்’ என்றால் பரிசு. ஜெர்மனில் அதே எழுத்துகளுக்கு நஞ்சு என்று பொருள். ஸ்வீடனில் அதுவே ‘திருமணமானவர்’ என்றும் நிற்கிறது. வாங்கிய பரிசு வாங்கியவரைக் கட்டிப்போடும், ஆகவே பரிசும் ஒரு நஞ்சுதான் என்று பழைய ஜெர்மானியர் உணர்ந்திருந்ததற்கு இது அடையாளம் என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். திருமணத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்தபோது அவையே சிரித்தது. இந்த விளக்கம் நிற்குமா, அல்லது மூன்றும் தற்செயலாக ஒத்து ஒலிக்கும் வேறு வேறு சொற்களா?

11 ஜனவரி 2022

மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவை. தற்செயலுக்கு இங்கே இடமில்லை. ஆனால் சொற்பொழிவாளர் சொன்ன தத்துவத்துக்கும் இதில் இடமில்லை.

‘கொடு’ என்னும் பொருளுடைய ஜெர்மானிய வினை ஆங்கிலத்தில் ‘கிவ்’ என்றும் ஜெர்மனில் ‘கேபன்’ என்றும் வழங்குகிறது. அதனோடு ‘ட்’ என்று முடியும் பெயராக்க விகுதி சேரும்போது நடுவிலுள்ள ஒலி ‘ஃப்’ ஆகத் திரிகிறது. ஆங்கிலத்தில் ‘டிரைவ்’ என்னும் வினையிலிருந்து ‘டிரிஃப்ட்’ வருவதும், ‘த்ரைவ்’ என்பதிலிருந்து ‘த்ரிஃப்ட்’ வருவதும் இந்த வழியில்தான். ஆகவே ‘கிஃப்ட்’ என்பதன் முதற்பொருள் கொடுத்தல், கொடுக்கப்பட்டது என்பதே. நம்மிடம் ‘கொடு’ என்பது ‘கொடை’ ஆவதைப் போன்றது.

நஞ்சு என்னும் பொருளை மருத்துவம் கொண்டுவந்தது. கிரேக்கத்தில் ‘டோசிஸ்’ என்பதும் ‘கொடுத்தல்’ என்றே பொருள்படும் சொல். மருத்துவர்கள் அதை ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தின் அளவுக்குப் பெயராக்கினார்கள்; இலத்தீன் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஜெர்மன் மொழியின் தொடக்க நிலையான ‘பழைய உயர் ஜெர்மன்’ காலத்தில் அந்தச் சொல்லை ஒலியால் கடன் வாங்காமல் பொருளால் கடன் வாங்கி, தங்கள் ‘கிஃப்ட்’ என்னும் சொல்லின்மேல் ஏற்றினார்கள். ‘கொடுக்கும் மருந்து’ என்பது, வெளிப்படையாகப் பெயர் சொல்லக் கூசுகிற இடங்களில், ‘கொடுத்துக் கொன்ற மருந்து’ என்று குறுகிவிட்டது.

கொடை என்னும் பழம்பொருள் ஜெர்மனில் ‘மிட்கிஃப்ட்’ என்னும் சொல்லில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘உடன் கொடுத்தது’, அதாவது சீதனம். இலக்கணப் பால்கூட வேறுபடுகிறது: சீதனம் பெண்பால், நஞ்சு அலிப்பால்.

11 ஜனவரி 2022, இரவு

இதை எழுதிவிட்டு எழுந்தபோது 2009-இல் நடந்தது நினைவுக்கு வந்தது. நான் அப்போது ஜெர்மனியில் ஒரு சிறு பல்கலைக்கழக நகரத்தில் இருந்தேன். மதுரையிலிருந்து என் தாயார் அனுப்பிய பொட்டலம் சுங்கத்தில் நின்றுவிட்டது என்று கடிதம் வந்ததால் நேரில் போனேன். வரி போட்டுவிடப் போகிறார்கள் என்ற பயத்தில் அவர் பெட்டியின் நான்கு பக்கங்களிலும் சிவப்பு மையில் ‘கிஃப்ட்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். உள்ளே பெயர் ஒட்டப்படாத மூன்று பிளாஸ்டிக் பைகளில் கறிவேப்பிலைப் பொடி, பருப்புப் பொடி, மிளகுப் பொடி. அலுவலர் கையுறை அணிந்து பைகளை மேசையின்மேல் ஒவ்வொன்றாக வைத்து, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். நான் விரலால் பருப்புப் பொடியைத் தொட்டு நாக்கில் வைத்துக் காட்டிய பிறகுதான் பொட்டலத்தைக் கொடுத்தார்.

14 ஜனவரி 2022

என் முதற்குறிப்பைப் படித்தால், ஆங்கிலம் பழைய பொருளை அப்படியே காப்பாற்றி வந்தது, ஜெர்மன்தான் வழிதவறியது என்று தோன்றும். அது சரியில்லை, ஆங்கிலத்தின் கதையும் அவ்வளவு நேரானதன்று.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் பதிவாகியிருப்பது பெண்ணுக்காகக் கொடுக்கும் பொருள், திருமணம் என்னும் பொருள்களில்தான். 7-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெஸ்ஸெக்ஸ் நாட்டை ஆண்ட இனே மன்னனின் சட்டத்தில், ஒருவன் பெண்ணுக்குப் பணம் கொடுத்த பிறகு ‘கிஃப்ட்’ நடைபெறாமற்போனால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு விதி வருகிறது. அங்கே அந்தச் சொல்லுக்குத் திருமணம் என்பதைத் தவிர வேறு பொருள் பொருந்தாது. ஸ்வீடன்காரர்களைப் பார்த்துச் சிரித்த அவையினர், ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினார்கள் என்பதையும் சேர்த்துச் சிரித்திருக்கலாம்.

ஒலியும் ஒரு சான்று. பழைய ஆங்கிலத்தில் இகரத்துக்கு முன் நின்ற அந்த எழுத்து யகரமாக ஒலித்தது. அது தானாக வளர்ந்திருந்தால் இன்று ஆங்கிலேயர் ‘யிஃப்ட்’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள், இடைக்கால ஆங்கிலத்தில் அப்படி எழுதியும் இருக்கிறார்கள். இன்றைய வல்லொலிக் ககரமும், பரிசு என்னும் பொதுப்பொருளும் இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்து வந்தவை. ‘கிவ்’ என்னும் வினையின் ககரமும் அப்படி வந்ததுதான். சொந்த வீட்டுப் பிள்ளை வெளியூர் போய் உச்சரிப்பை மாற்றிக்கொண்டு திரும்பி வந்ததைப் போன்றதன்று இது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

15 ஜனவரி 2022

டச்சு மொழியில் என்ன என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். ‘கிஃப்ட்’ நன்கொடை, ‘கிஃப்’ நஞ்சு. (முதலெழுத்தைத் தொண்டையைச் செருமுவதுபோல் ஒலிக்க வேண்டும், தமிழில் அதற்கு எழுத்தில்லை.) நஞ்சின் பெயரும் முன்பு டகரத்தோடு முடிந்ததுதான். அந்தக் கடைசி ஒலி உதிர்ந்ததால் அவர்களுக்கு ஒரு தொல்லை விட்டது. ஆனால் ‘நச்சுத்தன்மையுள்ள’ என்னும் பெயரடையில் டகரம் இன்றும் இருக்கிறது.

19 ஜனவரி 2022

ஸ்காண்டிநேவிய மொழிகளுக்கு வருகிறேன். திருமணத்துக்கும் நஞ்சுக்கும் ஒரே சொல் என்னும் நகைச்சுவையை இதற்குள் நான்கு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்வீடன், நார்வே, டென்மார்க் மூன்றிலும் எழுத்து ஒன்றே. ஸ்வீடனிலும் நார்வேயிலும் ‘யிஃப்ட்’ என்று ஒலிக்கிறார்கள், டேனியர் ககரத்தை வைத்திருக்கிறார்கள். மணமானவர் பேரங்காடியில் பூச்சிக்கொல்லி அடுக்கைப் பார்த்துப் பெருமூச்சு விடும் கதைக்கு அந்நாட்டாரே இப்போது சிரிப்பதில்லை.

நகைச்சுவையைக் காட்டிலும் வரலாறுதான் எனக்குச் சுவையாகப் படுகிறது, ஏனென்றால் இந்த இரண்டு பொருள்களும் ஒரே வீட்டில் பிறந்தவை அல்ல. திருமணப் பொருள் உள்ளூர்ச் சரக்கு: நார்ஸ் மொழியில் ‘கிஃப்டா’ என்றால் பெண்ணைக் கட்டிக்கொடுத்தல், அந்த வினையின் எச்சவடிவம்தான் ‘மணமான’ என்னும் இன்றைய சொல். நஞ்சுப் பொருளோ இடைக்காலத்தில், வட ஜெர்மன் வணிக நகரங்களின் கூட்டமைப்பாகிய ஹான்சாவின் வணிகர்கள் பேசிய கீழ் ஜெர்மன் அந்தத் துறைமுகங்களில் கோலோச்சிய காலத்தில், கடல் வழியாக இறங்கியது. வேர் ஒன்றே என்றாலும், முந்நூறு ஆண்டுகள் பிரிந்து வளர்ந்த பங்காளிகள் ஒரே கதவிலக்கத்தில் குடிவந்தது போன்ற நிலை அது.

கொடுத்தவர் யார் என்பதையும் சட்டம் பதிவு செய்திருக்கிறது. பெண்ணைத் திருமணம் செய்து கொடுக்கும் உரிமை படைத்த ஆண், பெரும்பாலும் தந்தை, பழைய ஸ்வீடன் சட்டத்தில் ‘யிஃப்ட்டுமன்’ எனப்பட்டார். 1734-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் திருமணப் பகுதியும் இதே சொல்லடியைத் தலைப்பில் கொண்டிருந்தது. இன்று ஆணும் அந்தச் சொல்லால்தான் தன்னை ‘மணமானவன்’ என்று சொல்லிக்கொள்கிறான். யாரும் அவனைத் தூக்கிக் கொடுக்கவில்லை. ஆனாலும் ‘கொடுக்கப்பட்டவன்’ என்றே படிவத்தில் குறியிடுகிறான். நாமும் ‘பெண் கொடுத்தோம், பெண் எடுத்தோம்’ என்றுதானே பேசுகிறோம், ஆகையால் இதில் நமக்கு வியப்பதற்கு ஒன்றுமில்லை.

20 ஜனவரி 2022

நேற்று எழுதியதில் ‘முந்நூறு ஆண்டுகள்’ என்ற எண்ணை எழுத்தோட்டத்தில் போட்டுவிட்டேன். அதை நீக்கிவிட்டு, ‘நெடுங்காலம்’ என்று படிக்கவும்.

27 ஜனவரி 2022

மருத்துவ விளக்கம் வெறும் ஊகமாகப் படுகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்காகச் சொற்களையே வரிசையாக நிறுத்துகிறேன்.

நஞ்சுமுறி மருந்துக்குக் கிரேக்கப் பெயர் ‘அன்டிடோட்டோன்’. எதிராகக் கொடுக்கப்பட்டது என்பது அதன் பொருள். ஆங்கிலத்தின் ‘ஆன்டிடோட்’ அதுவே. ஜெர்மனில் நஞ்சுமுறிக்குப் பெயர் ‘கேகன்கிஃப்ட்’: எதிர், கொடை. கிரேக்கச் சொல்லைச் செங்கல் செங்கல்லாகப் பெயர்த்துக் கட்டினால் இதுதான் வரும். ஸ்வீடனிலும் டச்சிலும் இதே கட்டுமானந்தான். இன்றைய ஜெர்மானியர் அதை ‘எதிர்நஞ்சு’ என்று உணர்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் கொடுப்பவரின் கை அதற்குள் இன்னும் தெரிகிறது. இதைவிடத் தெளிவான இன்னொன்றும் உண்டு. கொடை என்பதற்கு இன்றைய ஜெர்மனில் உள்ள ‘காபெ’ என்னும் சொல்லை மருத்துவர்கள் மருந்து செலுத்துவதற்கும் பயன்படுத்துகிறார்கள். பழைய ‘கிஃப்ட்’ நடந்த பாதையின் முதற்படியில் அதன் தங்கை இன்று நிற்கிறாள்.

மருத்துவர் பராசெல்சஸ் 1538-இல் எழுதிய புகழ்பெற்ற வாக்கியத்தை எல்லாரும் கேட்டிருப்பீர்கள்: எல்லாமே நஞ்சுதான், நஞ்சில்லாதது எதுவுமில்லை, அளவு ஒன்றே ஒரு பொருளை நஞ்சில்லாமல் ஆக்குகிறது. அவர் அதை ஜெர்மனில் எழுதினார்; நஞ்சு என்னுமிடத்தில் ‘கிஃப்ட்’, அளவு என்னுமிடத்தில் ‘டோசிஸ்’. கிஃப்ட் என்பது டோசிஸின் மொழிபெயர்ப்பு. ஒரே சொல் இரண்டு வேடத்தில் எதிரெதிரே நின்று வாதாடுகிறது. இதை முதன்முறை கவனித்த நாளில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

2 பிப்ரவரி 2022

கொடையைப் பற்றி எழுதிய பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டவருக்கு: விடவில்லை, தள்ளிப்போட்டேன். கேள்வி கேட்ட வாசகர் அந்தச் சொற்பொழிவில் கேட்ட கருத்தின் ஊற்று பெரும்பாலும் அவராகத்தான் இருக்கும். இந்த ஒரு சொல்லைப் பற்றியே அவர் 1924-இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். பழைய ஜெர்மானியரிடையே கொடைகளில் தலையாயது விருந்தில் ஊற்றிக்கொடுக்கும் பானம். அதில் எப்போதும் நஞ்சு இருக்கக்கூடும். ஆகவே கொடையைப் பெறுகிறவனுக்கு மகிழ்ச்சியும் அச்சமும் சேர்ந்தே வரும் என்பது அவர் வாதம். டோசிஸ் விளக்கத்தை அவர் அறிந்திருந்தார், ஆனால் அதில் நிறைவடையவில்லை. எல்லாரும் புழங்கும் ஒரு பொருளுக்குப் படித்தவர்களின் சொல் எப்படிப் பெயராகும் என்று கேட்டார்.

முதலில் இதை எளிதாகத் தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மருந்து கொடுப்பவர்களின் சொல் தெருவுக்கு இறங்குவதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு நாள் யோசித்தபோது அவருடைய இன்னொரு கேள்வி என்னை விடவில்லை: நஞ்சுப் பொருள் வந்தது சரி, கொடைப் பொருள் ஜெர்மனில் ஏன் ஓடிப்போயிற்று? ஒரு சொல் இரு பொருளையும் நெடுங்காலம் சுமப்பது இயல்பே. ஆனால் ஒருவர் கையில் ஒன்றைக் கொடுத்து ‘இது கிஃப்ட்’ என்று சொல்லும் இடத்தில் அந்த இரட்டைப் பொருள் நீடிக்க முடியாது. நஞ்சு உள்ளே வந்ததும் கொடை வெளியேறியது. அதன் இடத்துக்குக் ‘காபெ’, ‘கெஷெங்க்’ என்னும் வேறு சொற்கள் வந்தன. இது சொல்லுக்கு நேர்ந்த விபத்து என்பதே என் கருத்து. அதைக் கொண்டு கொடை பற்றிய மனநிலையை அளக்க முடியாது.

ஆனாலும் மோஸின் பக்கம் ஒரு காய் விழுகிறது, அதை மறைக்க மாட்டேன். ‘கெஷெங்க்’ என்னும் இன்றைய ஜெர்மன் சொல் ‘ஷெங்கன்’ என்னும் வினையிலிருந்து வந்தது. அதன் முதற்பொருள் பானத்தை ஊற்றிக்கொடுத்தல். பிரெஞ்சுக்காரர்களின் ‘புவாஸோன்’, அதாவது நஞ்சு, இலத்தீனில் பானம் என்று பொருள்படும் ‘போட்டியோ’விலிருந்து வந்தது. ஆக, ரைன் நதியின் ஒரு கரையில் பானம் பரிசாயிற்று, மறு கரையில் பானம் நஞ்சாயிற்று.

3 பிப்ரவரி 2022

சுங்க அலுவலகக் கதையில் ஒரு திருத்தம். அந்த அலுவலர் இரண்டடி பின்னால் நகரவில்லை. அவர் நல்ல ஆங்கிலம் பேசினார், நான்கு பக்க எழுத்தைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான். பொட்டலம் நின்றதற்குக் காரணம் படிவத்தில் மதிப்பு நிரப்பப்படாதது. பின்னால் நகர்ந்தது பல ஆண்டுகளாக நான் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சேர்ந்துகொண்டது. பொடியை நாக்கில் வைத்தது மட்டும் உண்மை, பசி.

10 பிப்ரவரி 2022

‘கிஃப்ட்’ வருவதற்கு முன் இவர்கள் நஞ்சை எப்படி அழைத்தார்கள் என்ற கேள்வி நல்ல கேள்வி. பழைய ஆங்கிலத்தில் ‘அட்டர்’, நார்ஸில் ‘எய்ட்டர்’. ஐஸ்லாந்து மொழியில் நஞ்சுக்கு இன்றும் அதன் வழிவந்த சொல்தான். அங்கே ஜெர்மன் வணிகர்களின் சொல் அதை அசைக்கவில்லை, ஆனால் திருமணத்துக்கு அவர்களும் இந்தக் ‘கிஃப்ட்’ சொல்லடியையே வைத்திருக்கிறார்கள். ஜெர்மனில் அதே பழஞ்சொல் ‘ஐட்டர்’ ஆகி, புண்ணில் வடியும் சீழுக்குப் பெயராக இறங்கிவிட்டது. ஆங்கிலத்தில் அது செத்தேபோயிற்று, ஆனால் வட்டார வழக்கில் சிலந்திக்கு ‘அட்டர்காப்’ என்று பெயர் இருந்தது. டேனியர் இன்றும் சிலந்தியை ‘எடர்கொப்’ என்றே சொல்கிறார்கள். அதன் முற்பாதி நஞ்சு, பிற்பாதிதான் ஆங்கிலத்தில் சிலந்திவலையைக் குறிக்கும் ‘காப்வெப்’ என்னும் சொல்லிலும் இருக்கிறது. சிலந்தி பழைய நஞ்சை மூலையில் பத்திரமாக வைத்திருக்கிறது.

16 பிப்ரவரி 2022

பிரெஞ்சு ‘புவாஸோன்’ பற்றி விட்டுப்போனது: இலத்தீன் மூலத்தைப் பின்பற்றி அதுவும் முன்பு பெண்பாலாகவே இருந்தது, 17-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் ஆண்பாலாக மாறியது. ஜெர்மனிலும் கொடை பெண்பால், நஞ்சு அலிப்பால் என்று முதலில் எழுதினேன் அல்லவா? பொருள் கெட்டவுடன் பாலையும் மாற்றிக்கொள்வது இரு மொழிகளிலும் நடந்திருக்கிறது. இதை விதியாக்கும் துணிவு எனக்கில்லை. மீனுக்கு உரிய ‘புவாஸ்ஸோன்’ என்னும் சொல்லோடு குழப்பிக்கொள்பவர்கள் உணவகத்தில் சகரத்தை அழுத்திச் சொல்லவும்.

இலத்தீனில் நஞ்சுக்குப் பொதுச்சொல் ‘வெனேனும்’. வீனஸ் என்னும் காதல் தெய்வத்தின் பெயரோடு அதற்கு உறவு கூறுவார்கள். முதலில் அது வசிய மருந்தாக இருந்திருக்கும் என்பது அந்த விளக்கம். கி.பி. 2-ஆம் நூற்றாண்டு ரோமானியச் சட்ட அறிஞர் கயஸ், ‘வெனேனும்’ என்று சொல்பவர் அது நல்லதா கெட்டதா என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் மருந்துகளும் வெனேனும்தான் என்று குறித்திருக்கிறார். கிரேக்கரின் ‘ஃபார்மகோன்’ என்பதும் இதே இரட்டை நிலையில் நின்றது. மருந்தகத்தின் பெயர் அதிலிருந்துதான் வருகிறது.

தமிழர்களாகிய நாம் இந்த இடத்தில் நெற்றியைச் சுருக்கத் தேவையில்லை. காய்ச்சலுக்கு மருந்து சாப்பிடுகிறோம், பயிருக்கு மருந்து அடிக்கிறோம், எலிக்கு மருந்து வைக்கிறோம். அவன் மனத்தை மாற்ற அவள் மருந்து வைத்துவிட்டாள் என்று ஊர் பேசுகிறது. அது வீனஸின் பங்கு. ஒருவன் மருந்தைக் குடித்துவிட்டான் என்று விடியற்காலையில் யாராவது வந்து சொன்னால், எந்த மருந்து என்று ஒருவரும் கேட்பதில்லை. கயஸின் கேள்விக்குத் தமிழில் வினைச்சொல்லே விடை சொல்லிவிடுகிறது.

17 பிப்ரவரி 2022

‘டோசிஸ்’ ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்து, மேலதிகாரியிடம் ‘டோஸ் வாங்கினேன்’ என்று வசவாக முடிந்திருப்பதை நினைவூட்டிய நண்பர் சொன்னது சரி. அதைச் சேர்க்க மறந்தது என் பிழை. கிரேக்கன் கொடுத்தது, நாம் வாங்கினோம்.

6 மார்ச் 2022

என் தங்கை சென்ற மாதம் ஜெர்மனிக்குப் படிக்கச் சென்றிருக்கிறாள். தாயார் இப்போது அவளுக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறார், அதே சிவப்பு மை. அவரிடம் இந்தக் குறிப்புகளில் பாதியைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப டப்பா மேல என்னதான்டா எழுதணும்?” என்றார். ‘கெஷெங்க்’ என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எழுத்து எழுத்தாகப் பார்த்து நான்கு பக்கங்களிலும் எழுதினார். ஊற்றிக்கொடுத்தது என்று அதற்குப் பொருள் என்பதை மட்டும் சொல்லவில்லை.